தோள்சீலையும் நட்சத்திர பங்களாவும்: திருவிதாங்கூர், 1829–1859

1829 பிப்ரவரி 3ஆம் தேதி திருவிதாங்கூர் அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. நாடார் பெண்கள் தோளில் சீலை போட்டுக்கொள்வது முறையற்றது, அது இனிக் கூடாது என்றது அந்த ஆணை. எட்டு ஆண்டு கழித்து, 1837இல், அதே அரசு திருவனந்தபுரத்தில் ஒரு குன்றின்மேல் வானாய்வு நிலையம் கட்டியது. ஊரார் அதை நட்சத்திர பங்களா என்றார்கள். அங்கே திரட்டப்பட்ட காந்தப்புல அளவீடுகள் ஐரோப்பிய அறிவியல் உலகில் பெருமதிப்புப் பெற்றன. ஒரே அரண்மனை, ஒரே கருவூலம். நிலையத்தின் பதிவேடுகள் நிரம்பிக்கொண்டிருந்த காலம் முழுவதும், தெற்கே நாஞ்சில் நாட்டிலும் இரணியல், கல்குளம் பகுதிகளிலும் தோளில் சீலை போட்ட பெண்கள் சந்தையில் இழுத்துப்போட்டு அவமானப்படுத்தப்பட்டார்கள். 1859 ஜூலை 26இல்தான் தடை தளர்ந்தது.

இந்த இரண்டு வரலாறுகளும் வழக்கமாகத் தனித்தனியாகவே எழுதப்படுகின்றன. நிலையத்தைக் கட்டிய அரசர் சுவாதித் திருநாளைப் பற்றிய நூல்களில் கீர்த்தனைகளும் வானாய்வு நிலையமும் வரும். தோள்சீலை ஒரு வரியில் போய்விடும். தோள்சீலைப் போராட்டத்தைப் பற்றிய நூல்களில் வானாய்வு நிலையம் வரவே வராது. ஒரே மேசையில் வைத்துப் படித்தால்தான் விஷயம் விளங்கும் என்பது என் எண்ணம். அறிவை மதித்த ஓர் அரசவை, அதே முப்பது ஆண்டுகளில், பெண்ணின் தோளில் கிடந்த ஒரு முழத் துணிக்கு எதிராக ஏன் அவ்வளவு உறுதியாக நின்றது?

அரசர் நல்லவர், சுற்றியிருந்தவர்கள் கெடுத்தார்கள் என்பது ஒரு பதில். அறிவியல் ஆர்வமெல்லாம் வெறும் பகட்டு என்பது இன்னொன்று. ஆவணங்கள் இரண்டுக்குமே இடம் தரவில்லை.

அடிகளால் அளந்த நாடு

திருவிதாங்கூர் அரசர்கள் தங்களைப் பத்மநாபதாசர் என்று அழைத்துக்கொண்டார்கள். 1750இல் மார்த்தாண்ட வர்மா நாட்டையே பத்மநாபசுவாமியின் காலடியில் ஒப்படைத்துவிட்டு, இறைவனின் ஊழியனாக ஆள்வதாக அறிவித்ததன் தொடர்ச்சி அது. இது பெயரளவுச் சடங்கு அல்ல. நாட்டின் ஆசாரத்தைக் காப்பதுதான் அரசின் முதல் கடமை என்ற கொள்கை இதிலிருந்து பிறந்தது. ஆறாண்டுக்கு ஒருமுறை 56 நாள் வேதம் ஓதி நடந்த முறைஜபம், பிராமணர்களுக்கு உணவளித்த ஊட்டுப்புரைகள், பட்டமேறும்போது பொற்கலத்துக்குள் இறங்கி எழும் இரணியகர்ப்பம் எல்லாவற்றுக்கும் வரிப்பணம் போயிற்று. அந்த வரியின் பெரும் சுமை, கோயில் வாசலுக்குக்கூட வரமுடியாதவர்கள் தலையில் இருந்தது.

ஆசாரம் என்பது அங்கே அளந்து வைக்கப்பட்ட ஒன்று. லண்டன் மிஷனைச் சேர்ந்த சாமுவேல் மேட்டீர் 1871இல் எழுதிய நூலில் அந்த அளவுகள் இருக்கின்றன. நாயர், நம்பூதிரியை நெருங்கலாம், தொடக் கூடாது. ஈழவர் நம்பூதிரியிடமிருந்து 36 காலடி தள்ளி நிற்க வேண்டும். புலையர் 96 அடி. நாயரிடமிருந்து ஈழவருக்கு 12 அடி, புலையருக்கு 66 அடி. நாடார்களுக்கும் இதுபோன்ற தூரங்களும் தடைகளும் இருந்தன: குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது, பொன் நகை கூடாது, குடத்தை இடுப்பில் வைத்து நீர் சுமக்கக் கூடாது, மாடி வைத்து வீடு கட்டக் கூடாது, வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது. பெண்கள் இடுப்புக்கு மேல் மறைக்கக் கூடாது. இதோடு தலைவரி, பனைக்கு வரி, கூலியில்லாத ஊழியம். அரண்மனைக்கும் கோயிலுக்கும் அரசு அலுவலகத்துக்கும் ஓலையும் விறகும் சுமந்து போட வேண்டும். கேட்ட நாளில் போய் நிற்க வேண்டும்.

உடைத்தடையைத் தனியாகப் பிரித்துப் பார்க்கும்போது அது ஏதோ பழங்கால நாணக் குறைவுபோலத் தோன்றுகிறது. இன்றும் அப்படிச் சொல்பவர்கள் இருக்கிறார்கள்: அந்தக் காலத்தில் எல்லாச் சாதிப் பெண்களும் அப்படித்தான் இருந்தார்கள், நாயர் பெண்களும் கோயிலில் சீலையை இறக்கினார்கள் என்று. இறக்கினார்கள் என்பது உண்மை. ஆனால் இறக்குவதற்கு அவர்களுக்குச் சீலை இருந்தது. மேலே இருப்பவர் முன் இறக்கி மரியாதை காட்டும் உரிமைகூட இல்லாதவர்களைப் பற்றித்தான் இந்த வழக்கு. யார் யாருக்கு மேல், யார் யாருக்குக் கீழ் என்பதைப் பேச்சில்லாமல், பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடும் அடையாளமாக அந்தத் துணி இருந்தது. அதனால்தான் அதற்காக வீடுகள் எரிந்தன.

குப்பாயம் என்ற சமரசம்

1806இல் ரிங்கல்தௌபே வந்து மைலாடியில் லண்டன் மிஷன் பணியைத் தொடங்கிய பிறகு, நாடார்களில் கணிசமானோர் கிறிஸ்தவத்தில் சேர்ந்தார்கள். பெண்கள் சட்டை அணியத் தொடங்கினார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் ரெசிடெண்டாக, அதாவது அரசவையில் அதன் பிரதிநிதியாக இருந்து, 1811 முதல் 1814 வரை திவான் எனும் தலைமை அமைச்சர் பொறுப்பையும் வகித்த கர்னல் மன்றோ, மதம் மாறிய பெண்கள் மேல்சீலை அணியலாம் என்று உத்தரவிட்டார். அரசவையில் இருந்த பிடாகைக்காரர்கள் எதிர்த்தார்கள். எல்லோரும் சீலை போட்டால் சாதி வித்தியாசம் எப்படித் தெரியும், நாடே தீட்டாகிவிடுமே என்பது அவர்கள் வாதம். மன்றோ பின்வாங்கினார். சுரியானிக் கிறிஸ்தவப் பெண்களும் மாப்பிள்ளைப் பெண்களும் போடுவதுபோன்ற குப்பாயம் மட்டும் போட்டுக்கொள்ளலாம், தோள்சீலை கூடாது என்று 1814இல் உத்தரவு மாறியது.

மிஷனரிகளின் மனைவியர் தைத்துக் கொடுத்த தளர்ந்த சட்டைதான் இந்தக் குப்பாயம். உடல் மறைந்துவிட்டது, மானத்துக்குக் குறைவில்லை, இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று மிஷனரிகளில் பலரும் நினைத்தார்கள். அரசும் அதைத்தான் விரும்பியது. பெண்கள் அதற்கு இசையவில்லை. குப்பாயத்தின்மேல், நாயர் பெண்கள் போடுவதுபோலவே, தோளில் சீலையைப் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனார்கள்.

இந்த வழக்கின் மையம் இதுதான் என்று நான் கருதுகிறேன். மறைப்பதற்கு அனுமதி கிடைத்த பிறகும் அவர்கள் நிறுத்தவில்லை. அவர்கள் கேட்டது மறைப்பை மட்டும் அல்ல. இன்னொரு பெண் அணியும் அதே துணியை அதே விதமாக அணியும் உரிமையை. அரசுக்கும் அது விளங்கியது. குப்பாயத்தை அனுமதித்துவிட்டுத் தோள்சீலையை மட்டும் விடாமல் தடுத்ததற்குக் காரணம் அதுவே. இரு தரப்பும் எதற்காகச் சண்டை போடுகிறோம் என்பதைத் தெளிவாகத் தெரிந்துவைத்திருந்தன. நடுவில் நின்ற மிஷனரிகளுக்குத்தான் அது சற்றுத் தாமதமாகப் புரிந்தது.

1822இல் கல்குளம், இரணியல் பகுதிகளில் முதல் கலகம். 1823இல் பத்மநாபபுரம் நீதிமன்றம் கிறிஸ்தவப் பெண்களுக்குச் சார்பாகத் தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு ஊர்களில் நடைமுறைக்கு வரவில்லை. 1827 முதல் மறுபடியும் கலகம். சிற்றாலயங்களும் பள்ளிகளும் எரிக்கப்பட்டன. இதற்கு அரசு தந்த விடைதான் 1829 பிப்ரவரி ஆணை. தோள்சீலை கூடாது, ஊழியத்தை மற்றக் குடிகளைப்போல இவர்களும் செய்ய வேண்டும், அரசின் அனுமதியில்லாமல் ஆலயம் கட்டக் கூடாது.

ஆணை பிறப்பித்தவர் யார் என்பதைக் கவனிக்க வேண்டும். இளவரசர் சுவாதித் திருநாளுக்காக ஆட்சியை நடத்திய ராணி கௌரி பார்வதி பாயி. 1817இல், மக்களின் கல்விச் செலவு முழுவதையும் அரசே ஏற்க வேண்டும் என்று ஆணையிட்ட அதே ராணி. இந்தியக் கல்வி வரலாற்றில் இன்றும் பெருமையோடு மேற்கோள் காட்டப்படும் ஆணை அது. அவர் மனம் மாறிவிட்டார் என்று சொல்ல எந்தச் சான்றும் இல்லை. கல்வி வளர வேண்டும், ஆசாரம் நிற்க வேண்டும். இரண்டையும் அவர் ஒரே மூச்சில் நம்பியிருக்கிறார்.

குன்றின்மேல்

அதே 1829இல் சுவாதித் திருநாள் ஆட்சியை ஏற்றார். வயது 16. இசைமேதையாகவே உலகம் அவரை அறிகிறது. ஆட்சியிலும் சுறுசுறுப்பானவர். 1834இல் திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பள்ளி, அச்சகம், முனிசிப் நீதிமன்றங்கள் என்று பல தொடக்கங்கள் அவருடையவை. சுசீந்திரத்தில் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரிகள் கொதிக்கும் நெய்யில் கையை விட்டுத் தங்கள் தூய்மையை மெய்ப்பிக்க வேண்டிய கைமுக்கு வழக்கத்தை நிறுத்தியதும் அவர்தான். கொடிய பழைய வழக்கமொன்றை அரசர் நினைத்தால் நிறுத்த முடியும் என்பதற்கு அவர் கையாலேயே சான்று இருக்கிறது.

ஆலப்புழையில் திருவிதாங்கூர் அரசின் வணிக முகவராக இருந்த ஜான் கால்டிகாட், சொந்தக் கருவிகளால் வானத்தை நோக்கிக்கொண்டிருந்தார். மரபுச் சோதிடக் கணிதத்தில் ஈடுபாடு கொண்டிருந்த அரசருக்கு அது பிடித்துப்போயிற்று. ரெசிடெண்ட் பிரேசரின் ஆதரவும் சேர, 1837இல் நிலையம் உருவானது. கால்டிகாட் அதன் தலைவரானார். 1838 கடைசியில் அரசு செலவிலேயே அவரை இங்கிலாந்துக்கு அனுப்பிச் சிறந்த கருவிகளை வாங்கிவரச் செய்தார்கள். 1841இல் அவர் திரும்பினார்.

உலக அறிவியலில் அது ஒரு குறிப்பிட்ட தருணம். பூமியின் காந்தப்புலம் ஏன் நாள்தோறும் மாறுகிறது என்ற கேள்விக்கு விடை காண, ஜெர்மனியில் கணித அறிஞர் காஸ் தொடங்கிய கூட்டு முயற்சியும், எட்வர்ட் சபைன் முன்னின்று நடத்திய பிரிட்டிஷ் முயற்சியும் பல நாடுகளில் நிலையங்களை ஒரே நேரத்தில் இயக்கின. குறித்த நாள்களில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஊசியின் திசையைப் பதிய வேண்டும். எல்லா நிலையமும் கோட்டிங்கன் நகரின் நேரப்படி. திருவனந்தபுரம் இதில் சேர்ந்ததற்கு மதிப்பு அதிகம். காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருந்த ஊர் அது. அங்கிருந்து கிடைக்கும் அளவுகளுக்கு ஈடாக வேறெங்கும் எளிதில் கிடைக்காது. கால்டிகாட் 1849இல் திருவனந்தபுரத்திலேயே இறந்தார்.

1852இல் நிலையத்தின் தலைவராக வந்த ஜான் ஆலன் பிரவுன் இன்னும் தீவிரமானவர். 1855இல் அகத்தியமலை உச்சியில், கடல்மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கும் மேலே, ஒரு துணை நிலையத்தை அமைத்தார். தமிழ் மரபில் அகத்தியர் வீற்றிருக்கும் பொதிகை அதுதான். காட்டையும் மழையையும் குளிரையும் தாண்டி அங்கே கருவிகளைக் கொண்டுபோய் வைத்து, உள்ளூர் உதவியாளர்கள் மணிக்கு மணி பதிவுசெய்தார்கள். மலையின் உயரம் காந்த மாற்றங்களைப் பாதிக்கிறதா என்பதை அறிவதுதான் நோக்கம். பிரவுனின் கண்டுபிடிப்புகளில் இரண்டைச் சொல்ல வேண்டும். காந்தப்புலத்தின் அன்றாடச் சராசரி வலிமை பூமியின் வெவ்வேறு மூலைகளில் ஒரே சமயத்தில் ஏறி இறங்குகிறது என்பது ஒன்று. அந்த ஏற்றத்தாழ்வில் ஏறக்குறைய 26 நாள் சுழற்சி இருக்கிறது, அது சூரியன் தன்னைத்தானே சுற்றுவதோடு தொடர்புடையது என்பது மற்றது. சூரியனும் பூமியும் காந்தத்தால் பிணைக்கப்பட்டிருக்கின்றன என்ற இன்றைய புரிதலுக்குப் போன வழியில் திருவனந்தபுரத்தின் பதிவேடுகளுக்கு உறுதியான இடம் உண்டு. 1878இல் ராயல் சொசைட்டி அவருக்கு அரச பதக்கம் அளித்தது.

இதைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனம் வரவில்லை. கடன் நெருக்கடியிலும் ரெசிடெண்டுகளின் குறுக்கீட்டிலும் இருந்த ஒரு சிறிய நாடு, உடனடிப் பயன் ஏதுமில்லாத ஓர் ஆராய்ச்சிக்கு ஆண்டுக்கணக்கில் பணம் கொடுத்தது. அது உண்மையான அறிவுப்பற்று.

ஆனால் அந்த அறிவு அரசவையில் யாரையும் இடம் மாற்றச் சொல்லவில்லை. வானத்தை அளப்பதற்கு அருகில் நிற்பவனோடு உள்ள தூரத்தை மறு அளவு செய்ய வேண்டியதில்லை. கோணத்தின் நிமிடத்தையும் அதற்குக் கீழான பின்னத்தையும் குறித்துக்கொண்ட அதே ஊரின் தெருக்களில் 36 அடியும் 96 அடியும் அப்படியே இருந்தன. கம்பெனி அரசுக்குமுன் தான் நாகரிகமான ஆட்சி என்று காட்ட நிலையம் உதவியது. பத்மநாபன்முன் தான் தவறாத ஊழியன் என்று காட்ட ஆசாரம் உதவியது. இரண்டும் மேல்நோக்கிச் சொன்ன பதில்கள். கீழே இருப்பவருக்குப் பதில் சொல்லவேண்டிய கட்டாயம் அந்த அமைப்பில் எங்கும் இல்லை.

சிங்காரத்தோப்பு

நிலையம் தொடங்கிய காலத்தையொட்டி, அதே நகரில், அதே அரசர் ஒருவரைச் சிறையில் வைத்திருந்தார். இடம் சிங்காரத்தோப்பு. கைதி, கன்னியாகுமரிக்கு அருகில் சாமித்தோப்பைச் சேர்ந்த முத்துக்குட்டி. மக்கள் அழைத்தது வைகுண்டர் என்று.

1809இல் பிறந்தபோது பெற்றோர் வைத்த பெயர் முடிசூடும் பெருமாள். தாழ்த்தப்பட்டவன் பெயரில் முடியும் பெருமாளும் வரலாமா என்று மேல்சாதியினர் எதிர்த்ததால் முத்துக்குட்டி ஆனது. 1833இல் திருச்செந்தூர்க் கடலிலிருந்து விஷ்ணுவின் அவதாரமாக எழுந்ததாக அவரும் அவரைப் பின்பற்றியவர்களும் நம்பினார்கள். அவர் செய்த காரியங்களைப் பார்த்தால் அரசு ஏன் அஞ்சியது என்பது தெரியும். ஆண்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு வழிபட வரச் சொன்னார். அரசனுக்கும் மேல்சாதிக்கும் உரியதென்று வைக்கப்பட்டிருந்த தலைக்கட்டு அது. எல்லாச் சாதியாரும் ஒரே கிணற்றில் நீர் எடுத்து, ஒரே பந்தியில் உண்ண வைத்தார். வழிபாட்டிடத்தில் சிலைக்குப் பதில் கண்ணாடி வைத்தார். பூசாரி இல்லை, காணிக்கை இல்லை. மதம் மாறினால்தான் மானம் கிடைக்கும் என்றிருந்த நிலைமையில், மாறாமலே மானத்தோடு வாழலாம் என்று ஒரு வழியைத் திறந்தார்.

தோள்சீலை வழக்கில் இதன் தாக்கம் பெரியது. 1814 முதல் அரசு தந்த ஒவ்வொரு சலுகையும் கிறிஸ்தவப் பெண்களுக்கு மட்டும். மதத்தைத் தாண்டிய உரிமையாக அதை யாரும் பேசவில்லை. வைகுண்டரின் மக்கள் அதை அப்படி ஆக்கினார்கள்.

அரசர் சுசீந்திரம் வந்திருந்தபோது மேல்சாதியினர் முறையிட, வைகுண்டர் பிடிக்கப்பட்டுத் திருவனந்தபுரம் கொண்டுசெல்லப்பட்டார். புலிக்கூண்டில் போட்டதாகவும் புலி அவரைத் தொடவில்லை என்றும் வழிபாட்டு மரபு சொல்கிறது. சொந்தச் சாதியாரை மட்டுமே கூட்டுவேன் என்று எழுதிக் கொடுத்தால் விடுதலை என்றபோது அவர் மறுத்ததாகவும் அதே மரபு சொல்கிறது. சில மாதங்களுக்குப் பின், 1839இல், விடுதலையானார். புலியை விட்டுவிடலாம். அரசு கேட்டதாகச் சொல்லப்படும் அந்த உறுதிமொழி, அரசு எதற்கு அஞ்சியதோ அதை நேராகக் காட்டுகிறது: ஒருவன் தன்னைக் கடவுள் என்று சொல்வது அல்ல, 18 சாதியும் ஓரிடத்தில் கூடி உண்பது.

கீழிருந்து எழுதிய ஏடு

வைகுண்டரின் சீடர் அரிகோபாலன் 1841இல் பனையோலையில் எழுதிய அகிலத்திரட்டு அம்மானை இந்த வழக்கின் மிக முக்கியமான இலக்கியச் சான்று. அம்மானை என்பது பெண்கள் காய் வீசி விளையாடும்போது பாடும் நடையிலிருந்து வளர்ந்த கதைப்பாடல் வடிவம். படித்தவர் படிப்பதற்கு அல்ல, கூடியிருந்து கேட்பதற்கு. 15,000 அடிகளுக்கு மேல் நீளும் அதில் படைப்பு முதல் யுகங்கள் வந்து, கடைசியில் கதை திருவிதாங்கூரில் நிலைகொள்கிறது. அங்கே ஆளும் அரசன் பெயர் கலிநீசன். கடல்கடந்து வந்த வெள்ளையர், வெண்நீசர்.

அரசரை எதிர்த்துத் தமிழில் பாடல்கள் உண்டு. ஆனால் ஆண்டுகொண்டிருக்கும் அரசனை, அவன் வைத்த சிறையிலிருந்து வைகுண்டர் வெளிவந்த இரண்டே ஆண்டில், கலியின் உருவம் என்று யுகக் கணக்கிலேயே சேர்த்து எழுதிய நூலுக்கு வேறு உதாரணம் எனக்கு எளிதில் நினைவுக்கு வரவில்லை. சான்றோர் என்று அது அழைக்கும் நாடார்கள் பட்ட வரிகளை அது வரிசையாக எண்ணுகிறது. தாலிக்கும் வரி, அரிவாளுக்கும் வரி என்று அடுக்கிக்கொண்டே போகும் அந்தப் பகுதியை வருவாய்த்துறைக் கணக்கோடு பொருத்திப் படிக்கலாம். அவ்வளவு குறிப்பாக இருக்கிறது. பெண்கள் மேலாடை போட முடியாத துயரமும் அதில் புகாராக வருகிறது. தாழக் கிடப்பாரைத் தற்காப்பதுதான் தர்மம் என்ற அதன் வாக்கு, ஆசாரத்தைக் காப்பதே தர்மம் என்றிருந்த அரசகொள்கைக்கு நேர் எதிரானது. இரு தரப்பும் தர்மம் என்றே பேசின. எதைக் காப்பது, யாரைக் காப்பது என்பதில்தான் பிளவு.

அதே ஆண்டுகளில் குன்றின்மேல் மணிக்கு மணி ஒரு பதிவேடு எழுதப்பட்டதையும், கடற்கரையோரத்தில் இந்த ஓலை எழுதப்பட்டதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒன்று அரசின் செலவில் தொகுக்கப்பட்டு 1874இல் நூலாக வெளிவந்தது. மற்றது ஏடு வாசிப்பில் வாய்வழியே உயிர் பிழைத்து, 1939இல்தான் அச்சேறியது.

1858–59

1858 நவம்பர் 1இல் விக்டோரியா அரசியின் பிரகடனம் வந்தது. குடிமக்களின் மத நம்பிக்கைகளிலும் வழக்கங்களிலும் அரசு தலையிடாது என்று அதில் இருந்தது. தெற்குத் திருவிதாங்கூரின் மேல்சாதியினர் இதைத் தங்களுக்குச் சாதகமாக வாசித்தார்கள்: பழைய ஆசாரத்தைக் கைவலிமையால் திருப்பலாம், வெள்ளை அரசு இனிக் கேட்காது. கலகம் அதற்கு முந்தைய மாதமே தொடங்கியிருந்தது. பிரகடனம் அதற்கு எண்ணெய் ஊற்றியது. சந்தைகளில் பெண்களின் சீலையைக் கிழித்தார்கள். வீடுகளும் ஆலயங்களும் பள்ளிகளும் எரிந்தன.

அப்போது திவான் தி. மாதவ ராவ். சென்னை உயர்நிலைப் பள்ளியில் பவல் என்ற ஆசிரியரிடம் கணிதமும் அறிவியலும் கற்று, அந்தப் பாடங்களையே கற்பிக்கவும் செய்தவர். திருவிதாங்கூரின் நிதியை நிமிர்த்தியவர், நவீன ஆட்சியின் முன்மாதிரி என்று பாராட்டப்பட்டவர். 1858 டிசம்பர் 27இல் அவர் வெளியிட்ட அறிவிப்பு, அரசு அனுமதியின்றிப் பழைய வழக்கத்தை மீறக் கூடாது என்று நாடார்களையே எச்சரித்தது. கலகம் செய்தவர்களுக்கும் சட்டத்தைக் கையில் எடுக்காதீர்கள் என்று ஒரு வார்த்தை. இரு தரப்புக்கும் சமமாகப் பேசுவதுபோலத் தோன்றும் இந்த அறிவிப்பு தீயை அணைக்கவில்லை. கிழித்தவனையும் கிழிக்கப்பட்டவளையும் ஒரே வரியில் நிறுத்தினால் கிழித்தவனுக்குத்தான் தைரியம் வரும், அதுவே நடந்தது.

ரெசிடெண்ட் கல்லன் கனிமங்களைச் சேகரித்தவர், வானிலையை அளந்தவர், திருவனந்தபுரம் அருங்காட்சியகம் உருவாகத் தூண்டியவர்களில் ஒருவர். அவரும் அரண்மனைப் பக்கமே சாய்ந்தார் என்று மிஷனரிகள் கசந்து எழுதினார்கள். அரியணையில் இருந்த உத்திரம் திருநாள் மேல்நாட்டு மருத்துவத்தில் ஆழ்ந்த ஆர்வம் கொண்டவர். 1851 லண்டன் பெருங்கண்காட்சிக்கு யானைத்தந்த அரியணையை அனுப்பியவர். அரசர், திவான், ரெசிடெண்ட் ஆகிய மூவருமே அறிவியலை நேசித்தவர்கள். அந்த நேசம் மூவரில் ஒருவரையும் தோள்சீலை விஷயத்தில் முன்கூட்டியே அசைக்கவில்லை. இந்த வழக்கில் எனக்கு மிக வலிப்பது இதுதான்.

1859 மார்ச்சில் சென்னை ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவலியன் நேராகப் பேசினார். உண்மையும் நீதியும் மட்டுமல்ல, மனிதத்தன்மையும் இவ்வளவு முழுமையாக ஒரே பக்கம் நிற்கும் வழக்கை அரிதாகவே கண்டிருக்கிறேன், இதில் உறுதியாக நிற்காவிட்டால் நாகரிக உலகம் நம்மைக் காறித்துப்பும் என்ற கருத்தில் அவர் கல்லனுக்கு எழுதினார். இதே டிரெவலியன் 1840-களின் அயர்லாந்துப் பஞ்சத்தில் நிவாரணத்தைச் சுருக்கியதற்காக இன்றும் குற்றம் சாட்டப்படுகிறார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். விடுதலையைக் கொண்டுவந்தவர் அவர் என்று எழுதிவிட்டால், 1822 முதல் அடிவாங்கியும் சீலையைக் கழற்றாத பெண்கள் மறைந்துபோவார்கள். அவர்கள் கழற்றியிருந்தால் சென்னைக்குப் போக ஒரு வழக்கே இருந்திருக்காது.

1859 ஜூலை 26 அறிவிப்பு இப்படிச் சொன்னது: நாடார் பெண்கள் எந்த மதத்தவராயினும் கிறிஸ்தவப் பெண்களைப்போலச் சட்டை அணியலாம்; மீனவ முக்குவப் பெண்களைப்போல முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம்; வேறெந்த விதமாகவும் மார்பை மறைத்துக்கொள்ளலாம்; ஆனால் உயர்சாதிப் பெண்களைப்போல அல்ல.

மதத் தடை விழுந்தது. சாதித் தடை எஞ்சியது. 1814இல் மன்றோ நின்ற இடத்திலிருந்து அரசு நகர்ந்தது ஒரு படிதான். நடைமுறை வேறாக இருந்தது. அறிவிப்பின் கடைசி வாசகத்தைப் பெண்கள் பொருட்படுத்தவில்லை, விரும்பியபடி உடுத்தினார்கள், அடுத்தடுத்த பத்தாண்டுகளில் அந்த நிபந்தனை செல்லாக்காசானது. நாடார்களுக்குக் கிடைத்தது மற்றவர்களுக்குத் தானாகப் பரவவும் இல்லை. அடிமைத்தனம் சட்டப்படி 1855இல், அகத்தியமலையில் நிலையம் எழுந்த அதே ஆண்டில், ஒழிக்கப்பட்டிருந்தாலும், புலையப் பெண்கள் கழுத்தில் சாதி அடையாளமான கல்மாலை சுமந்தபடியே இருந்தார்கள். 1915இல் பெரிநாட்டில், புலையர் தலைவர் அய்யன்காளியின் இயக்கத்தில், அவர்கள் அந்த மாலைகளை அறுத்து எறிந்தார்கள். கோயில் கதவு 1936 நவம்பர் 12 அரசாணையில்தான் திறந்தது.

தோள்சீலை போட்டு அடிபட்ட பெண்களில் பெரும்பாலானோரின் பெயர்கள் பொது வரலாற்று நூல்களில் இல்லை. மிஷன் கடிதங்களில் சபையின் பெயரோ ஊரின் பெயரோ வரும். நீதிமன்ற வழக்குகளில் கணவன் அல்லது தகப்பன் பெயர் வரும். இந்தக் காலத்தை எழுத வருபவர்கள் மிஷன் கடிதங்களையும், திருவிதாங்கூர் அரசின் அறிவிப்புகளையும், அகிலத்திரட்டையும், வானாய்வு நிலையத்தின் பதிவேடுகளையும் நான்கு துறையின் சரக்காகப் பிரித்து வைக்காமல் ஒரே ஆண்டு வரிசையில் அடுக்கிப் படிக்க வேண்டும். 1837, 1839, 1841, 1855, 1858 ஆகிய ஒவ்வொரு ஆண்டிலும் குன்றிலிருந்து ஒரு செய்தி, தெற்கிலிருந்து ஒரு செய்தி கிடைக்கும். அரண்மனையின் கணக்குப்புத்தகத்தில் அவை இரண்டும் ஒரே வரிப்பணத்தின் செலவுகள்.